லோகேஸ்வரன் வீட்டில் கேட்கப்படாத கேள்வி

குளுவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலை இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அங்கே ரப்பர்ப் பால் தொட்டிகளைக் காலி செய்து, ஆள் உள்ளே இறங்கிக் கழுவுவார்கள். இறங்குகிறவன் தன் பெயர் எழுதிய வில்லையைத் தொட்டி வாயில் உள்ள பலகையில் மாட்ட வேண்டும். எந்தத் தொட்டி, எத்தனை மணிக்கு இறங்கினான், எத்தனை மணிக்குள் ஏறுவான், ஏறாவிட்டால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் அந்தப் பலகையில் இருக்கும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வேலை நின்றுவிடும். நிறுத்துகிறவர் பாதுகாப்பு அதிகாரி லோகேஸ்வரன். நேப்பாளத்துத் தொழிலாளிகள் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதன் பொருளை யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

அதே லோகேஸ்வரன் சனிக்கிழமைகளில் கார்க் கூரையில் கயாக் படகைக் கட்டிக்கொண்டு, தொலைபேசி எட்டாத காட்டாறுகளுக்குப் போவார். எந்த ஆறு என்று அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் மறைத்தார் என்று சொல்ல முடியாது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வாசல் தாண்டுகிறவரிடம் "எங்கே" என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும். இந்த நம்பிக்கையை லோகேஸ்வரன் குடும்பம் சிகாமட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்தது; அவர் மனைவி ஷாமளாவின் குடும்பம் பாலோவிலிருந்து. இரண்டு குடும்பங்களும் ஒத்துப்போன விஷயங்கள் குறைவு, இது அவற்றில் ஒன்று. கேட்டே தீர வேண்டும் என்றால் "தூரமா?" என்று கேட்கலாம். "தூரந்தான்" என்றோ "இந்தா, பக்கத்துல" என்றோ பதில் வரும். அதற்கு மேல் தோண்டக் கூடாது. ஷாமளா இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. விடைத்தாளில் தூரத்தை எழுதி, பக்கத்தில் கிலோமீட்டரா மீட்டரா என்று எழுதாத பிள்ளைக்கு மதிப்பெண் தராதவர். வீட்டு வாசலில் மட்டும் அளவில்லாத தூரம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த சீனப் பெரியவர் ஒருமுறை, படகைப் பார்த்த சந்தோஷத்தில், எங்கே போகிறீர்கள் என்று மலாயில் கேட்டுவிட்டார். லோகேஸ்வரன் காரை அணைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு குவளைத் தண்ணீர் குடித்தார். பிறகு புதிதாகக் கிளம்புகிறவர் போலக் கிளம்பினார். மலாயில் கேட்டாலும் செல்லுமா என்று ஷாமளாவுக்குச் சந்தேகம். எதற்கும் குடித்துவைப்பது நல்லது என்றார் லோகேஸ்வரன். தொழிலே அப்படி.

முந்தின நாளே சொல்லிவைக்கலாமே என்றால், அதற்கும் ஒரு பூட்டு இருந்தது. முன்னாலேயே சொன்ன பயணத்தில் கண்பட்டுவிடும். திரும்பி வந்தபின் ஒன்றுவிடாமல் சொல்வார். எந்த ஆறு, தண்ணீர் பாறைகளில் சீறி விழும் ஜெராம்கள் எத்தனை, எந்தப் பாறையில் கவிழ்ந்தார் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். ஷாமளா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பார். அந்த வீட்டில் ஆறுகளின் பெயர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் தெரியவந்தன.

சிகாமட் வெள்ளத்தில் இரண்டுமுறை வீட்டுச் சாமானைப் பறிகொடுத்த குடும்பம் லோகேஸ்வரனுடையது. தண்ணீரைக் கண்டால் மேட்டுக்கு ஓடிப் பழகியவர்கள். அவர்களில் ஒருவன் காசு கொடுத்துப் படகு வாங்கி, தானாகவே தண்ணீருக்குள் போவது அவருடைய அண்ணன்மார்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அவர் ஒன்பது வருடம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். அங்கே ஒரு நாள், எண்ணெய்த் தொட்டிக்குள் ஆள் இருப்பது தெரியாமல் மூடியை முடுக்கிவிட்டார்கள். ஆள் பிழைத்தான். மறுநாள் பலகை வந்தது. லோகேஸ்வரனுக்கு அந்தப் பலகையின் மீது வந்த பற்று சிலருக்குச் சாமி மீதுகூட வராது. அதே பட்டறை தொழிலாளர்களை நீர்த்தேக்கத்துக்கு உல்லாசப் பயணம் கூட்டிப்போனபோதுதான் முதன்முதலாகக் கயாக்கில் உட்கார்ந்தார். இரண்டு பற்றும் ஒரே முதலாளியிடமிருந்து வந்தவை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் அவருக்குள் பதினைந்து வருடம் குடியிருந்தன.

அவருடைய கூட்டாளி மதிவாணன். வயது முப்பத்தாறு, லோகேஸ்வரனைவிட எட்டு வயது இளையவன். ஏர்கோன் என்கிற குளிர்சாதனங்களைப் பழுதுபார்ப்பவன். கல்யாணமாகவில்லை, கணவனை இழந்த தங்கை சாந்தினியோடு யோங் பெங் சாலையில் ஒரு மாடிவீட்டில் இருந்தான். லோகேஸ்வரன் வீட்டு ஏர்கோனைக் கழுவ வந்தவன், பின்கட்டில் கிடந்த படகைப் பார்த்து, இது என்ன அண்ணே, ஆள் படுக்கிற பெட்டி மாதிரி இருக்கே என்று கேட்டான். ஆறு மாதத்தில் அவனும் ஒன்று வாங்கினான். தலைக்கவசம், மிதவைச்சட்டை, எறிகயிறு, விசில் எல்லாம் லோகேஸ்வரன் பட்டியல் போட்டு வாங்கவைத்தார். விசிலை மட்டும் தினமும் வேலைக்கும் மாட்டிக்கொண்டு போவான். ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் ஊதுவான்.

சென்ற ஆண்டு அக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை, விடியுமுன் இருவரும் கிளம்பினார்கள். வாசலில் ஷாமளா கேட்டது ஒன்றுதான்.

"தூரமா?"

"தூரந்தான். நாலு மணிக்கெல்லாம் வந்துருவேன்."

யோங் பெங் சாலையில் சாந்தினியும் அண்ணனிடம் அதையே கேட்டாள். அவனும் அதையே சொன்னான்.

காஹாங் தாண்டியபின் செம்பனைத் தோட்டத்துக்குள் மண்சாலை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் போனால் மெரந்தி ஆறு. அதில் அவர்கள் நான்குமுறை இறங்கியிருக்கிறார்கள். வலப்பக்கம் போனால் தெராப் ஆறு. அதில் இறங்கியதே இல்லை. தெராப் மூன்று கிலோமீட்டர் தூரம் ஒரு மலையிடுக்கு வழியாகப் பாய்கிறது. இரண்டு பக்கமும் கருங்கல் சுவர்; நுழைந்துவிட்டால் நடுவில் ஏறி வெளியே வர இடமில்லை. ஐந்து ஜெராம்கள். லோகேஸ்வரன் அந்த ஆற்றின் செயற்கைக்கோள் படங்களை எட்டு மாதம் பார்த்திருந்தார். அன்றைக்கு வலப்பக்கம் திரும்பினார்கள். முதலில் மதிவாணனின் மோட்டார் சைக்கிளை இடுக்கு முடியும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள், திரும்ப வசதியாக இருக்கட்டும் என்று. பிறகு காரில் மேலே போய், ஒன்பது மணிக்குத் தண்ணீரில் இறங்கினார்கள்.

முதல் இரண்டு ஜெராம்களும் நன்றாகவே போயின. மதிவாணன் இரண்டாவதில் கவிழ்ந்து, உருண்டு நிமிர்ந்து, வாய்க்குள் போன தண்ணீரைத் துப்பிவிட்டு, உப்பு குறைவு அண்ணே என்றான். மூன்றாவதற்கு மேலே, ஒரு பெரிய பாறையின் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில் இருவரும் ஓய்வாக இருந்தபோது லோகேஸ்வரன் தண்ணீரில் இலைகளைப் பார்த்தார். பச்சை இலைகள், சிறு கிளைகள், பின்னாலேயே காப்பி நிறத்தில் நுரை. தலைக்குமேல் வானம் வெளுத்து, வெயிலாக இருந்தது. மழை எங்கோ மேலே, மலையில் பெய்திருக்கிறது. மலாய்க்காரர்கள் இதைக் கெப்பாலா ஆயர் என்பார்கள். வெள்ளத்துக்குத் தலை உண்டு, அது முதலில் வரும். லோகேஸ்வரன் விசிலை ஊதி, சுவரில் இருந்த ஒரு கல்திட்டைக் காட்டினார். அவர் ஏறிவிட்டார், படகையும் இழுத்துக்கொண்டார். மதிவாணன் படகிலிருந்து ஒரு காலை எடுத்து வைத்தபோது தண்ணீர் வந்தது. படகு அவனோடு சேர்ந்து பாறையில் மோதியது. தண்ணீரின் இரைச்சலையும் மீறி, தொடை எலும்பு முறிந்த சத்தம் லோகேஸ்வரனுக்குக் கேட்டது.

எறிகயிற்றைப் போட்டு அவனை மேலே இழுக்க அரை மணி நேரம் ஆயிற்று. அவன் படகு போய்விட்டது. அதோடு அவன் பையும், பைக்குள் இருந்த மோட்டார் சைக்கிள் சாவியும் போயின.

திட்டு இரண்டு கட்டில் அகலம். தண்ணீரிலிருந்து இரண்டு ஆள் உயரம். லோகேஸ்வரன் பயிற்சிப் புத்தகத்தில் உள்ளபடி எல்லாவற்றையும் செய்தார். உதிரித் துடுப்பை இரண்டாகக் கழற்றி வைத்துத் தொடையைக் கட்டினார். பளபளக்கும் அவசரப் போர்வையைப் போர்த்தினார். இரண்டு போத்தல் தண்ணீர், ஒரு பொட்டலம் ரொட்டி, வலி மாத்திரை ஆறு. நீர்புகாத கையேட்டில் நேரத்தைக் குறித்தார்: பதினொன்று நாற்பது. பிறகு மதிவாணனுக்கு நிலைமையை விளக்கினார். தொழிற்சாலையில் விளக்குவது போலவே, விரல்விட்டு விளக்கினார். அடிபட்டவனை விட்டு நகரக் கூடாது. இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். நாலு மணிக்கு வராவிட்டால் ஷாமளா ஆறு மணிவரை பொறுப்பார். ஏழு மணிக்குப் போலீஸ், ஒன்பது மணிக்குத் தீயணைப்பு மீட்புப் படையான பொம்பா. இரவோடு இரவாக இடுக்கின் வாய்க்கு வந்துவிடுவார்கள். விடிந்ததும் கயிறு கட்டி இறங்கினால் எட்டு மணிக்கு இங்கே இருப்பார்கள். இருபது மணி நேரம். தாங்கலாம்.

மதிவாணன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். முகம் சாம்பல் பூசியது போல் இருந்தது.

"எந்த ஆத்துக்கு வருவாங்க?" என்று கேட்டான்.

லோகேஸ்வரன் விரலை மடக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"அண்ணிகிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

"தூரம்னு சொன்னேன்."

மதிவாணன் சிரித்தான். சிரித்ததில் தொடை அசைந்து வலி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சச் சிரிப்பைச் சிரித்து முடித்தான். "நானும் அதான் சொன்னேன். விடுங்க. தூரம்னு ஒரு ஊரு இருந்தா, பொம்பா இந்நேரம் அங்க போயிருக்கும்."

லோகேஸ்வரனின் கணக்கில் நேரங்கள் எல்லாம் ஏறக்குறைய சரியாகவே இருந்தன. ஷாமளா ஆறே காலுக்குச் சாந்தினியைக் கூப்பிட்டார். ஏழு மணிக்கு இருவரும் போலீஸ் நிலையத்தில் இருந்தார்கள். எந்த ஆறு என்று சார்ஜன் கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கே போகிறேன் என்று சொல்லவில்லையா என்று மலாயில் மறுபடி கேட்டார். தூரம் என்று சொன்னார் என்றார் ஷாமளா. அந்தச் சொல்லை மலாயில் சொன்னபோதுதான் அது எவ்வளவு காலியாக இருக்கிறது என்பது அவருக்கே கேட்டது. சார்ஜன் எழுதவில்லை, பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

லோகேஸ்வரனின் கைத்தொலைபேசி கடைசியாகக் காஹாங் கோபுரத்தோடு பேசியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். காஹாங் வழியாகத்தான் மெரந்திக்கும் போக வேண்டும், தெராப்புக்கும் போக வேண்டும். தெராப் என்று ஓர் ஆறு இருப்பதே ஷாமளாவுக்குத் தெரியாது. அந்தப் பெயர் ஞாயிற்றுக்கிழமைதான் வருவதாக இருந்தது. வீட்டில் மெரந்தி ஆற்றில் எடுத்த படம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மெரந்தியாக இருக்கலாம் என்றார். அறிக்கை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போனபோது 'இருக்கலாம்' வழியில் எங்கோ இறங்கிக்கொண்டது. இரவு பத்து மணிக்குப் பொம்பாவின் இரண்டு வண்டிகள் மெரந்தி ஆற்றங்கரையில் இருந்தன. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கார் அங்கே இல்லை என்பது யாரையும் பெரிதாக உறுத்தவில்லை. செம்பனைக் காட்டில் கார் நிறுத்த நூறு சந்து உண்டு.

அந்த இரவு தெராப்பில் மழை. தண்ணீர் திட்டுக்கு ஒரு முழம் கீழேவரை வந்து நின்றது. மதிவாணனுக்கு நடுக்கம் எடுத்தது. லோகேஸ்வரன் அவன் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டார். தொடை வீங்கிக்கொண்டே போனது. வெளியே ரத்தம் இல்லை. உள்ளே போகிறது என்று அவருக்குத் தெரியும். மதிவாணன் பேசிக்கொண்டே இருந்தான். பாதி பேச்சு கழுவாமல் விட்டுவந்த ஏர்கோன்களைப் பற்றியது. ஒரு பல்மருத்துவரின் வீட்டில் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டானாம். திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

விடியும்போது மழை விட்டது. ஆறு மணிக்குத் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. எட்டு மணிக்கு யாரும் வரமாட்டார்கள் என்பது ஆறு மணிக்கே இருவருக்கும் தெரிந்திருந்தது. லோகேஸ்வரன் தன் படகைப் பார்த்தார். மதிவாணனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தனியாக ஜெராமில் இறங்கக் கூடாது என்பது முதல் விதி. அடிபட்டவனைத் தனியாக விடக் கூடாது என்பது இரண்டாவது. இரண்டையும் புதியவர்களுக்குச் சொல்லித்தருபவர் அவர்தான். இரண்டு விதிக்கும் அடியில் எழுதாத ஒரு வரி இருந்தது: நீ எங்கே இருக்கிறாய் என்று வெளியே ஒருவருக்காவது தெரியும். அந்த வரியை எடுத்துவிட்டால் மேலே உள்ள இரண்டும் நிற்க மாட்டா. இதை அவர் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்.

மீதி ரொட்டியையும் தண்ணீரையும் அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். கையேட்டில் ஏழு இருபது என்று எழுதினார். வந்துவிடுகிறேன் என்றார். மதிவாணன் தலையை ஆட்டினான். அவர் படகில் உட்கார்ந்து இடுப்பு உறையை இழுத்து மாட்டியபோது மேலிருந்து கூப்பிட்டான்.

"அண்ணே, பைக் சாவி என் படகோட போயிருச்சு. ஒயர பிச்சு ஸ்டார்ட் பண்ணத் தெரியுமா?"

"பாத்துக்கிறேன்."

"தெரியாதுல்ல?"

"தெரியாது."

"சிவப்பையும் கறுப்பையும் சேருங்க. பச்சைய தொட்றாதீங்க."

மூன்றாவது ஜெராமில் அவர் நிமிர்ந்தே வந்தார். நான்காவதில் கவிழ்ந்து, உருண்டு நிமிர்ந்தார். ஐந்தாவது ஒரு வீட்டு உயரம் விழுகிறது. அடியில் தண்ணீர் திரும்பித் தனக்குள்ளேயே போகிறது. படகு, கார் சாவி இருந்த பையோடு, அங்கேயே நின்றுவிட்டது. அவரை மட்டும் அது சிறிது நேரம் வைத்திருந்து, முழங்காலைப் பாறையில் தேய்த்து, கீழே துப்பியது. கரையேறும்போது மணி எட்டே கால். மோட்டார் சைக்கிள் வைத்த இடத்தில் அப்படியே நின்றிருந்தது. அவர் அதன் சாவித்துளை மூடியைக் கல்லால் உடைத்தார். சிவப்பையும் கறுப்பையும் சேர்த்தார். விளக்கு எரிந்தது, இஞ்சின் ஒருமுறை இருமியது, அடங்கியது. முக்கால் மணி நேரம் முயன்றார். பச்சையையும் தொட்டுப் பார்த்தார்.

சாலை பிரியும் இடத்துக்குப் பதினான்கு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தில் வேலை இல்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு செம்பனைக் குலை லோரி வந்திருக்கும். முழங்கால் மடங்கவில்லை. ஒரு செம்பனை மட்டையை ஊன்றிக்கொண்டு, வரிசை வரிசையாகப் போகும் மரங்களுக்கு நடுவே நடந்தார். மாலை நாலரைக்குப் பிரிவுக்கு வந்தார். அங்கே ஒரு போலீஸ் பிக்கப் நின்றது. உள்ளே இருந்த இளம் போலீஸ்காரர் அவரைப் பார்த்து இறங்கி ஓடிவந்து, முதலில் கேட்டது: எங்கே இருந்தீர்கள். லோகேஸ்வரன் சொன்னார். போலீஸ்காரர் இடப்பக்கச் சாலையைத் திரும்பிப் பார்த்தார். நேற்று இரவிலிருந்து நாற்பது பேர் அந்தப் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் இந்தப் பக்கம் வந்துசேர ஆறரை ஆயிற்று. இருட்டத் தொடங்கிவிட்டது, மலையில் மறுபடி இடி. பொம்பா தலைவர் இடுக்கின் வாயில் நின்று தண்ணீரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், இரவில் ஆளை இறக்க மாட்டேன் என்றார். அது சரியான முடிவு. லோகேஸ்வரன் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதையேதான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். அதனால் அவர் வாதாடவில்லை. ஒரு வண்டியின் பின்னிருக்கையில் உட்கார்ந்து, வாதாடாமல் விடிய விடிய விழித்திருந்தார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேலிருந்து கயிறு கட்டி இறங்கினார்கள். மதிவாணன் திட்டில், போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தான். ரொட்டி தீர்ந்திருந்தது. ஒரு போத்தலில் பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது. இறந்து பதினாறு மணி நேரம் ஆகியிருக்கலாம் என்றார் மருத்துவர். அப்படியானால் ஞாயிறு மாலை ஐந்து மணி. லோகேஸ்வரன் பிரிவுக்கு வந்து அரை மணி நேரம் கழித்து. மெரந்தியில் இறங்கிய அதே ஆட்கள், அதே கயிறுகள், அதே விடியற்காலையில் தெராப்பில் இறங்கியிருந்தால் மத்தியானத்துக்குள் அவன் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பான். இதை யாரும் லோகேஸ்வரனிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

யோங் பெங் சாலை வீட்டில் முதல் மூன்று நாளும் கூட்டம். தூரத்து உறவில் சபாபதி மாமா என்று ஒருவர், எந்தச் சாவிலும் காரணம் கண்டுபிடித்துவிட்டுத்தான் காப்பி குடிப்பவர். அவர் சாந்தினியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பையன் கிளம்புறப்ப யாராவது எங்கன்னு கேட்டீங்களா?"

"இல்ல மாமா. யாரும் கேக்கல."

"நல்லா யோசிச்சுப் பாரும்மா."

"கேக்கவே இல்ல மாமா."

அப்படியானால் விதிதான் என்று முடிவு செய்து அவர் காப்பியை வாங்கிக்கொண்டார்.

லோகேஸ்வரன் பதினாறு நாள் காரியத்துக்கும் போனார். நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார், தூக்கச் சொன்னதைத் தூக்கினார். வீட்டில் இருந்த நேரமெல்லாம் ஓர் அறிக்கை எழுதினார். யாரும் கேட்காத அறிக்கை, ஏழு பக்கம், தொழிற்சாலை விபத்துப் படிவத்தில். நேரங்கள் எல்லாம் கையேட்டிலிருந்து. 'மூலகாரணம்' என்ற கட்டத்தில் முதலில் கெப்பாலா ஆயர் என்று எழுதி அடித்திருந்தார். கீழே, 'செல்லும் இடம் வீட்டில் தெரிவிக்கப்படவில்லை' என்று எழுதியிருந்தார். யார் தெரிவிக்கவில்லை, யார் கேட்கவில்லை என்பதற்குப் படிவத்தில் இடமில்லை. ஷாமளா அதை மேசையில் பார்த்தார். இரண்டுமுறை படித்துவிட்டு, இருந்தபடியே வைத்தார். பிரதியைப் போலீஸ் நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தார் லோகேஸ்வரன். அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாந்தினி வந்தாள். தன் மோட்டார் சைக்கிளில், வேலையிலிருந்து நேராக, கிளினிக் சட்டையோடு. லோகேஸ்வரன் முழங்காலில் கட்டோடு எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் அண்ணே என்றாள். மதிவாணனின் சாமான்களைப் பற்றிக் கொஞ்சம் பேசினாள். பல்மருத்துவர் வீட்டிலிருந்து இன்னும் தொலைபேசி வருகிறதாம். ஷாமளா காப்பி கலக்கப் போனார். சாந்தினி தலைக்கவசத்தை மடியில் வைத்து, அதன் வாரைக் கோத்துக் கோத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும்."

"கேளும்மா."

"சனிக்கிழமை அடிபட்டுச்சில்ல. அன்னிக்கு ராத்திரியே போயிட்டானா?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

லோகேஸ்வரன் கேள்வியை ஒரு கேள்வியாகத்தான் எடுத்துக்கொண்டார். தெரிந்த விடை, சரியான விடை, எழுத்தில் இருக்கிற விடை. "இல்லம்மா," என்றார். "நான் ஞாயித்துக்கிழம ஏழு இருபதுக்குக் கெளம்புனேன். நல்லா பேசினான். பைக்க ஸ்டார்ட் பண்றது எப்படின்னு சொல்லிக் குடுத்தான். டாக்டர் சொல்றதப் பாத்தா சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும்..."

"அஞ்சு மணி வரைக்கும்."

"முன்னப்பின்ன இருக்கலாம்."

சாந்தினி தலையை ஆட்டினாள். ஷாமளா தட்டோடு வந்து நின்றார். அவள் காப்பியை எடுத்துக்கொண்டாள். சூடு ஆறும்வரை காத்திருக்காமல் குடித்தாள். அக்காவுக்கும் சிரமம் என்றோ ஏதோ சொன்னாள். குவளையைத் தானே கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தாள். லோகேஸ்வரன் அவள் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு, தன் பங்கை ஒழுங்காகச் செய்துவிட்ட ஒருவரைப் போல உட்கார்ந்திருந்தார். பொய் சொல்லியிருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

வாசல் கதவு சாத்திய பின் ஷாமளா சொன்னார்:

"அவ நடந்தது என்னன்னு கேக்க வரலீங்க."

"பின்ன?"

"சனிக்கிழமையே போயிட்டான்னு நீங்க சொல்லணும். எங்கன்னு நாம கேட்டிருந்தாலும் ஒன்னும் மாறியிருக்காதுன்னு அவ தூங்கணும். அதுக்குத்தான் வந்தா."

லோகேஸ்வரன், "ரிப்போர்ட்ல நேரம் இருக்கே," என்றார்.

"அவ ரிப்போர்ட்ட படிக்கப் போறாளா?" ஷாமளாவின் குரல் உயரவில்லை. "என்கிட்டயாவது அப்படிச் சொல்லியிருக்கலாம்."

அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலுக்குப் போக நேரமானது. சாந்தினி இன்னும் போகவில்லை. கேட்டுக்கு வெளியே, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிள் மேல் இஞ்சினைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்த சத்தம் கேட்டுத் திரும்பினாள். கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. மருத்துவர் சொன்ன நேரம் தப்பாக இருக்கலாம் என்று சொல்லலாமா, குளிரில் உடம்பு விறைத்தால் கணக்கு மாறும் என்று சொல்லலாமா என்று அவர் யோசித்தார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் எதுவும் சாவை ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு முன்னால் கொண்டுபோகவில்லை.

"போயிட்டு வரேன் அண்ணே," என்று சொல்லி அவள் சாவியைத் திருப்பினாள். இஞ்சின் முதல் அழுத்தலிலேயே கிளம்பியது.